உப்பும் சவுக்காரமும்: வன்னி ஊரடங்கை எதிர்கொண்ட விதம்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஆறு மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். வடக்கே வன்னியில், விசுவமடுவில் இருக்கும் என் பெரியம்மா மத்தியானமே சங்கக்கடைக்குப் போய்விட்டு வந்தார். பை பெரிதாக இல்லை. நாலு கட்டி சவுக்காரம், இரண்டு பைக்கற் உப்பு, நெருப்புப்பெட்டி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய். வீட்டில் மின்சாரம் இருக்கிறது, கேஸ் அடுப்பும் இருக்கிறது. மண்ணெண்ணெய் எதற்கு என்று தொலைபேசியில் கேட்டேன். “அரிசி மூட்டை கிடக்கு, தேங்காய் வளவுக்குள்ள நிக்குது. உப்பும் சவுக்காரமும்தான் முதல்ல இல்லாமப் போறது, உனக்குத் தெரியாதோ?” என்றார். அப்புறம் குடும்ப அட்டை, அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், காணி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, கதவுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிட்டார்.

அதே வாரம் கொழும்பில் பேச்செல்லாம் பருப்பையும் டின் மீனையும் பற்றித்தான். பருப்பு கிலோ 65 ரூபாய், டின் மீன் 100 ரூபாய் என்று அரசாங்கம் விலை குறித்திருந்தது. ஒரே நாடு, ஒரே ஊரடங்கு, ஒரே மாலை. ஆனால் விசுவமடுவில் ஒரு மூதாட்டி கொரோனாவுக்கு ஆயத்தப்படவில்லை. அவர் ஆயத்தப்பட்டது வேறொன்றுக்கு.

வன்னிச் சனம் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளை எப்படி ஏற்றுக்கொண்டது, எங்கே முறுகிக்கொண்டது என்பதை விளங்கிக்கொள்ள அந்தப் பையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த நாட்களில் வெளியில் இருந்தவர்கள் பலர், “வன்னி ஆக்களுக்கு இதெல்லாம் பழகினதுதானே” என்று சொன்னார்கள். அன்பாகச் சொன்னவர்களும் உண்டு. இருந்தும் அது பிழையான கணிப்பு என்றே நினைக்கிறேன். பழகினதுதான். அதனால்தான் ஒவ்வொரு அறிவிப்பையும் சனம் இரண்டு முறை கேட்டது. முதலில் நோய்க்கான அறிவிப்பாக. பிறகு, இதை யார் சொல்லுகிறார்கள், எத்தனை நாளைக்கு, வாசலில் யார் வந்து நிற்கப்போகிறார்கள் என்று.

இளம் வாசகர்களுக்காகச் சில பழைய விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவுக்காரம் என்று நீண்ட பட்டியல் அது. உடுப்புத் தோய்க்கப் பனம்பழக் களியைப் பாவித்தார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிளை இரண்டு துளி பெற்றோலில் உதைத்து எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர்கள் அங்கே தங்குவதற்கும், அங்கிருந்து கொழும்புக்குப் போவதற்கும் பாஸ், அதாவது சென்றிகளில் (சோதனைச் சாவடிகளில்) காட்டும் அனுமதிச்சீட்டு, எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று பல வகை. மறுபக்கம் வன்னியை விட்டு வெளியேறுவதற்குப் புலிகளிடமும் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. 2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் திரும்பவும் மூடியது. 2009இல் ஏறத்தாழ 280,000 பேர் வவுனியாவின் முகாம்களில் முட்கம்பிக்குள் அடைபட்டார்கள். அவற்றில் பெரியது மெனிக் பாம். 180 நாளில் மீள்குடியேற்றம் என்று சொல்லப்பட்டது. அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

இவ்வளவையும் கடந்து வந்த ஒருவரிடம் போய் “14 நாள்தான் அம்மா, பயப்பட வேண்டாம்” என்றால், அவர் 14 என்ற எண்ணை எப்படிக் கேட்பார்? நாள் எண்ணிச் சொல்லப்பட்டதை ஏற்கனவே ஒருமுறை நம்பியவர் அவர்.

அரசாங்கம் பாவித்த சொற்களும் மாறிக்கொண்டே இருந்தன. 2020இல் ஊரடங்குச் சட்டம். பிறகு தனிமைப்படுத்தல். 2021 மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் வரை பயணக்கட்டுப்பாடு. ஆகஸ்ட் 20 தொடக்கம் ஒக்ரோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. கொழும்புப் பத்திரிகைகள் இந்த வேறுபாடுகளைச் சட்டரீதியாக ஆராய்ந்தன. முதல் ஊரடங்குக்குச் சட்ட அடிப்படை சரியாக இருக்கிறதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தக் காலத்தில் ஊரடங்கை மீறியதாக நாடு முழுவதும் 60,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஊருக்குள் மாத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: “பூட்டிட்டாங்கள்.” யார் பூட்டினார்கள் என்று அந்த வாக்கியத்தில் எழுவாய் இராது. கேட்கிறவருக்கு அது தேவையும் இல்லை.

யார் வந்தார்கள் என்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் முழு விடயத்தின் நடு.

கிராமத்தில் சுகாதாரத் துறைக்கு ஒரு முகம் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் என்று கடிதத்தில் எழுதுவோம், சனம் ‘மிட்வைவ்’ என்றோ ‘மிஸ்’ என்றோதான் சொல்லும். எந்த வீட்டில் எத்தனை மாதக் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு நிறை குறைவு, எந்தத் தாத்தாவுக்குச் சலரோகம் என்று அவருக்குத் தெரியும். அவரோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மேலே சுகாதார வைத்திய அதிகாரி. இவர்கள் வந்து “படலையைச் சாத்துங்கோ, இரண்டு கிழமை வெளியில வராதேங்கோ” என்று சொன்ன இடங்களில் பெரும்பாலும் சனம் மறுபேச்சுப் பேசவில்லை. வாசலில் ஒட்டிய அறிவித்தலைக் கிழிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் சாப்பாட்டுப் பார்சல் நீட்டினார். எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் அப்படி அடைபட்டிருந்தபோது காலையில் இடியப்பம் ஒரு வீட்டிலிருந்து, மத்தியானம் சோறு இன்னொரு வீட்டிலிருந்து என்று முறை வைத்துப் போனது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை.

அதே செய்தி வேறு உடையில் வந்தபோது வேறு செய்தியாகிப்போனது. கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு 2020 மார்ச்சில் தலைவராக நியமிக்கப்பட்டவர் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதிப் போரில் வன்னியில் 58ஆவது படையணியை வழிநடத்தியவர் அவர். 2021 ஜனவரியில் 25 மாவட்டங்களுக்கும் கொவிட் ஒருங்கிணைப்பாளர்களாக மூத்த இராணுவ அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் மாத்தறையிலோ குருநாகலிலோ இருக்கும் ஒருவருக்கு இது ஒழுங்கான, வேகமான நிர்வாகமாகத் தெரிந்திருக்கலாம். அவருடைய வீட்டில் யாரோ ஒருவர் படையில் இருக்கக்கூடும். வன்னியில் அதே படம் தொலைக்காட்சியில் வந்தபோது, பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய் என்ன நினைத்திருப்பார்? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அந்த உடையை நோக்கியதுதான்.

தனிமைப்படுத்தல் நிலையங்களும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் தெற்கில் தொற்றாளர்களோடு பழகியவர்களையும் ஏற்றிவந்த பஸ்கள் வன்னியின் படைமுகாம்களுக்குள் போயின. அவற்றில் கேப்பாப்புலவும் ஒன்று. அந்த ஊரில் சொந்தக் காணியைத் தா என்று சனம் முகாம் வாசலில் கொட்டில் போட்டு வருடக்கணக்காக இருந்தது. தன் கிணற்றையும் தன் தென்னையையும் வேலிக்கு வெளியில் நின்று பார்க்கும் ஒருவருக்கு, அதே வேலிக்குள் நோய் சந்தேகத்துக்குரியவர்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்ற செய்தி எப்படி இறங்கும்? தொற்றுப் பயம் ஒரு பக்கம். “எங்களை விடாத இடத்துக்குள்ள ஆரையோ கொண்டுவந்து விடுறாங்கள்” என்ற மனக்கொதிப்பு மறுபக்கம். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்தன. வெளியிலிருந்து எழுதியவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் பிடித்தார்கள்.

2021 மார்ச் மாதம் இரணைதீவில் நடந்தது இன்னும் கூர்மையான உதாரணம். கொவிட்டால் இறந்தவர்கள் எல்லோரையும் எரித்தே ஆகவேண்டும் என்ற விதி முஸ்லிம் மக்களின் நெஞ்சில் ஒரு வருடமாக நெருப்பாகக் கிடந்தது. பெப்ரவரி கடைசியில் அந்த விதி தளர்ந்தது. உடனே, மார்ச் 2ஆம் திகதி, உடல்களை இரணைதீவில் புதைக்கலாம் என்று அறிவித்தார்கள். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த அந்தத் தீவின் மீனவச் சனம் 1992இல் இடம்பெயர்ந்து, இரணைமாதாநகரில் கால் நூற்றாண்டு காத்திருந்து, 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே திரும்பிப் போனது. ஊருக்குத் திரும்பி மூன்று வருடம் முடிய முன்னர், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊரை இடுகாடாக்கும் அறிவிப்பு. அவர்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம் மக்களும் அந்தத் தீர்மானத்தை ஏற்கவில்லை. தங்கள் இறந்தவர்களை ஏன் கடல் கடந்து கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார்கள். சில நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. இரணைதீவாரின் எதிர்ப்பை விஞ்ஞானம் தெரியாத பயம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கேட்காமல் முடிவெடுப்பது அந்தத் தீவுக்குப் புதிதல்ல. அதைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள்.

இனி, அடுப்பங்கரை. கட்டுப்பாடுகளைப் பற்றிய கோபம் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று பார்த்தால் அது தொழிலோடு சேர்ந்தே ஓடியது. முதல் ஊரடங்கின்போது விவசாய வேலைகளுக்கு அனுமதி இருந்தது. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக விதைப்பு வேலைகள் நடந்தன. ஆகவே நெற்காணி உள்ளவர் அவ்வளவு குமுறவில்லை. மேசன் வேலைக்குப் போகிறவர், கூலிக்கு விறகு கொத்துகிறவர், முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவர், இவர்களுக்குத்தான் மூன்றாம் நாளே உலை கொதிக்காமல் நின்றது. கடலுக்குப் போய்விட்டு வந்தாலும் மீனை ஏற்றிப்போகத் தெற்கிலிருந்து லொறி வரவேண்டும். லொறி வராவிட்டால் கருவாடு போடலாம், அதற்கு உப்பு வேண்டும், வெயில் வேண்டும், வாங்க ஆள் வேண்டும். அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் வந்தது. அதை வாங்க நின்ற வரிசையில் ஒரு மீற்றர் இடைவெளி இருக்கவில்லை. யாருடைய பெயர் பட்டியலில் இல்லை என்ற சண்டைகள் கிராம அலுவலரின் வாசலில் நடந்தன. போரில் கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் இங்கே அதிகம். நுண்கடன் தவணையை அறவிட வருகிறவருக்கு ஊரடங்கு விளங்கிய அளவுக்கு அவர்களின் வெறும் பானை விளங்கவில்லை.

ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கச்சான், அதாவது நிலக்கடலை. முல்லைத்தீவு மண்ணில் விளையும் கச்சானுக்குப் பெரிய சந்தை கோயில் திருவிழாக்கள்தான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரளும். முல்லைத்தீவுக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிக்கும் கோயில் அது. அன்றிரவு வீதியின் இரண்டு பக்கமும் கச்சான் கடைகள். மணல் போட்ட தாச்சியில் வறுபடும் வாசம் அரைக் கட்டைக்கு அப்பாலே வரும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அந்த ஒரு இரவு வியாபாரத்தை வைத்துத்தான் பிள்ளைகளின் அடுத்த தவணைக் கொப்பிகளுக்குக் கணக்குப் பார்ப்பார். 2020இலும் 2021இலும் பொங்கல் அந்தப் பெருங்கூட்டம் இல்லாமல் நடந்தது. அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், சனம் வீட்டில் இருந்தது. அந்த அக்கா கோபப்படவில்லை. “அம்மாளாச்சிக்குத் தெரியும், இது அவ தாற வருத்தம்தானே” என்றார். கொப்புளிப்பான், சின்னமுத்து வந்தால் வேப்பிலை கட்டி வீட்டை ஒதுக்கிவைப்பது எங்கள் வழக்கம். நோய்க்காக ஒதுங்கியிருப்பது என்ற கருத்தை வன்னிக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவரிடம் எட்டு மாதம் கழித்தும் இரண்டு சாக்குக் கச்சான் கிடந்தது. அதற்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் பற்றி ஒரு வரி. சூம் வகுப்பு என்றார்கள். காட்டோரக் கிராமங்களில் சிக்னல் இல்லை, சிக்னல் உள்ள வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2021 மே மாதத்தில் எல்லா நூல்களும் ஒரே முடிச்சில் விழுந்தன. புதுக்குடியிருப்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தொற்று வேகமாகப் பரவியது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்களில் நெருக்கி ஏற்றப்பட்டுப் போய்வருகிறவர்கள். ஆக, ஒரு தொழிற்சாலையில் வந்தால் பத்துக் கிராமத்தில் வந்த மாதிரித்தான். மே 17ஆம் திகதி புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, முல்லைத்தீவுப் பொலிஸ் பிரிவுகள் முடக்கப்பட்டன. மறுநாள் மே 18. 2009 இறுதிப் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் நினைவு நாள். நினைவு முற்றம் இருப்பது அந்த முடக்கத்துக்குள். அதற்கு சில நாள் முன்னர்தான் நினைவுத் தூபியை இரவோடு இரவாக யாரோ உடைத்திருந்தார்கள்.

தொற்று உண்மை. அதில் எனக்கு ஐயமில்லை. எனக்குத் தெரிந்த பிள்ளைகளும் அந்த நாட்களில் காய்ச்சலோடு படுத்திருந்தார்கள். முடக்கம் தேவைப்பட்டது என்றும் சொல்வேன். ஆனால் அந்தத் திகதியில் அதை அறிவித்தபோது சனம் அதைத் தொற்றுக்கான முடக்கமாக மாத்திரம் வாசிக்கும் என்று எதிர்பார்த்தது எப்படி? ஆறு மாதத்துக்கு முன்னர், 2020 நவம்பரில், இறந்த புலிப் போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் நெருங்கியபோது வடக்கின் நீதிமன்றங்களில் ஒன்றுகூடலுக்குத் தடை கேட்ட பொலிஸார் சொன்ன காரணங்களில் கொரோனாவும் ஒன்று. அதே மாதங்களில் தெற்கில் கடைத்தெருக்கள் நிரம்பி வழிந்ததைத் தொலைக்காட்சி காட்டியது. அதைவிடப் பெரிய மனக்குறை வேறு: நாடு பயணக்கட்டுப்பாட்டில் இருந்த அந்தக் கிழமைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்க அனுமதி இருந்தது. “கோயிலுக்குப் போகக்கூடாது, செத்தவைக்கு விளக்குக் கொளுத்தக்கூடாது, பக்ரறிக்கு மட்டும் போகலாமோ?” என்ற கேள்வியை நான் ஒரே கிழமையில் நாலு பேர் வாயிலிருந்து கேட்டேன். அதற்கு நேர்மையான பதில் ஏற்றுமதி வருமானம். அதைச் சனத்திடம் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார்களோ தெரியாது. மறைத்ததைத்தான் அவர்கள் மன்னிக்கவில்லை.

அந்த மே 18 பின்னேரம் கஞ்சி வீடுகளில் காய்ச்சப்பட்டது. போரின் கடைசி நாட்களில் சனம் குடித்தது போல, அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி. விளக்குகள் முற்றத்தில் எரிந்தன. முடக்கத்தை மீறாமலும் நாளை மறக்காமலும் சனம் தானே கண்டுபிடித்த வழி அது. எந்த அதிகாரியும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்கூட்டியே ஊரோடு கதைத்திருந்தால், சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அந்த மாதமே இரசாயன உர இறக்குமதியையும் நிறுத்தினார்கள். மே 6 திகதியிட்ட வர்த்தமானி. சிறுபோகப் பயிர் பச்சை பிடிக்கும் நேரத்தில் யூரியா இல்லை. முதல் ஊரடங்கில் பேசாமல் இருந்த நெற்காணிக்காரரும் இப்போது பேசத் தொடங்கினார்கள். ஊரடங்கையும் உரத்தடையையும் சேர்த்தே திட்டினார்கள். கொழும்பிலிருந்து பார்த்தால் இரண்டும் வெவ்வேறு அமைச்சுகளின் வெவ்வேறு முடிவுகள். வரம்பில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே கதவு.

இவ்வளவு சந்தேகமும் இருந்த சனம் ஊசி போட வராது என்றுதான் சிலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. 2021 நடுப்பகுதியில் வன்னியின் பள்ளிக்கூடங்களில் சினோபார்ம் ஊசி தொடங்கியபோது விடியவே வரிசை நின்றது. கூப்பிட்டவர் ஊரறிந்த மிட்வைவ். ஊசி போட்டவர் தாதி. இடம், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். கட்டுப்பாட்டுக்கு முகத்தைச் சுளித்த அதே ஆட்கள், கையை மடித்துக்கொண்டு வாங்கில் இருந்தார்கள். மருந்தில் அவர்களுக்குப் பிணக்கு இருக்கவில்லை.

பெரியம்மாவை நான்தான் கூட்டிப்போனேன். ஊசி போட்டு முடிய, தாதி பெயரையும் திகதியையும் எழுதி ஒரு அட்டையை நீட்டினார். பெரியம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“பிள்ளை, இதைக் காட்டினா அங்கால விடுவாங்களோ?”

“எங்க விடுறது அம்மா?”

“சென்றியில.”

தாதிக்கு வயது இருபத்தைந்துக்குமேல் இராது. சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அது பாஸ் இல்லை அம்மம்மா. அடுத்த ஊசிக்கு வரேக்க கொண்டுவாங்கோ” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கதவுக்குப் பக்கத்து ஆணியிலிருந்து பையை எடுத்தார். அட்டை கொஞ்சம் பெரிது, மடித்துத்தான் வைக்க முடிந்தது. குடும்ப அட்டைக்குப் பின்னால் வைத்தார்.